நான்கு பென்னிக் கல்

குதிரை ஆளைக் கொன்றால் குதிரை போகும். பெண் ஆளைக் கொன்றால் பெண் போவாள். இந்த இரண்டில் எது போனால் தனக்கு வலிக்கும் என்று கட்வாலடர் பியூ கணக்குப் போட்டு முடிக்க, கவிழ்ந்த பால்வாளி உருண்டு நிற்கும் நேரம்கூட ஆகவில்லை. ஷோனெட் அதைக் கண்ணால் பார்த்தாள்.

வெல்ஷ் மலைநாடு. மே மாதம், திங்கட்கிழமை காலை. தோள்தடியின் இரண்டு முனையிலும் பால்வாளி தொங்க, அவள் மாட்டுக்கொட்டிலிலிருந்து, பியூவின் பண்ணையான பிரினெய்தினின் முற்றத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். குதிரைக்காரன் மெய்ரிக், பிரெனின் என்கிற கறுப்புப் பொலிகுதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். யாரோ வழிப்போக்கன் வேலிக்கு வெளியே ஒரு பெண்குதிரையை ஓட்டிக்கொண்டு போனான். பிரெனின் மோப்பம் பிடித்தது. மெய்ரிக்கின் கையிலிருந்து கால் உருவிக்கொண்டது. ஒரே ஒரு தடவை பின்னால் போய் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். குதிரை ஏறுவதற்குப் போட்டிருந்த படிக்கல்லின் அடியில் மெய்ரிக் போய் விழுந்தான். அப்புறம் அவன் அசையவே இல்லை.

அவள் தோளிலிருந்து வாளிகள் கவிழ்ந்து, பால் அந்தக் கல்லைச் சுற்றி ஓடியது. தோள்தடி மட்டும் எப்படியோ கையில் தங்கிவிட்டது.

கத்தல் கேட்டு பியூ வெளியே வந்தார். வந்தவர் முதலில் குதிரையின் கயிற்றைப் பிடித்தார். லாயத்துக்குள் கொண்டுபோய் விட்டார். தாழ்ப்பாள் போட்டார். அப்புறம்தான் தரையில் கிடந்த ஆளைப் பார்த்தார். அதற்கப்புறம் ஷோனெட்டையும், அவள் கையிலிருந்த தடியையும்.

"என்னடி செஞ்சே?" என்றார்.

"நானா? எஜமான், குதிரை..."

"குதிரை லாயத்துல இருக்கு."

ஷோனெட்டுக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது வயதில் வேறு சர்ச் வட்டாரத்திலிருந்து, பேரிஷ் என்பார்கள், அநாதைப் பிள்ளை என்று எழுதி அனுப்பப்பட்டவள். பத்து வருஷமாக இந்த ஆளின் மாட்டைக் கறக்கிறாள், வெண்ணெய் கடைகிறாள், அவர் பொண்டாட்டியின் உள்பாவாடையைத் துவைக்கிறாள். அந்தப் பத்து வருஷமும் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தோடு முடிந்துபோனது.

ஒருவன் சாவதற்கு எது காரணமானதோ, வண்டியோ மாடோ குதிரையோ, அதை ஜமீன் எடுத்துக்கொள்ளும். அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஜமீன் காரியஸ்தர் அதை விற்று வரும் பணத்தைச் செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிரெனின் இருபது பவுன் குதிரை. அதைவிட, சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்குதிரைக்கும் குட்டி வேண்டுமென்றால் பியூவின் வாசலுக்குத்தான் வர வேண்டும். அப்படி வந்து நிற்பவர்களிடம் வாடகையைக் கூட்டலாம், அறுப்புக்கு ஆள் கேட்கலாம், ஓட்டு கேட்கலாம். அது குதிரையில்லை, அவருடைய செங்கோல்.

ஷோனெட்மேல் பழி சொல்லக் காரணமும் தயாராகவே இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் பால்வீட்டில் மெய்ரிக் அவள் ரவிக்கைக்குள் கையை விட்டான். அவள் மத்தை உருவி வாயிலேயே ஒன்று வைத்தாள். முன்பல் போனது. ஊரே சிரித்தது. "பல்லு முளைச்சுதா மெய்ரிக்?" என்று கோயில் வாசலில் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இன்றைக்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள்.

திங்கள் மதியமே கொல்லன் கெத்தின் வந்தான். ஷோனெட் பால்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லாயத்துக்குள் பிரெனினின் பின்னங்கால் லாடங்கள் இரண்டையும் கழற்றினான். இடது காலுடையது சாதாரண லாடமில்லை. குளம்பில் வெடிப்பு இருந்ததால் குதிகால் பக்கம் குறுக்கே பட்டை வைத்து அவனே அடித்துக் கொடுத்தது. அந்தப் பேரிஷில் அப்படி லாடம் போட்ட குதிரை வேறு கிடையாது. கழற்றியதைத் தோல் பைக்குள் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் போனான்.

புதன்கிழமை, சந்தேகச் சாவை விசாரிக்கும் அதிகாரியான கரோனர் வந்தார்.

விசாரணை கோயிலை ஒட்டின சாராயக் கடையில். உடலைப் பின்னாலிருந்த கொட்டகையில், ஒரு கதவைக் கழற்றிப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல ஜூரி, ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டில் ஏழு பேர் பியூவின் நிலத்தில் குத்தகை. மீதி ஐந்தில் ஒருவன் கெத்தின். தலைவராக உட்கார்ந்தவர் மாவுமில்காரர் ரோலண்ட். அவருடைய இரண்டு பெண்குதிரைகளும் அந்த மாதம் பிரெனினிடம் போயிருந்தன.

கரோனர் ஹம்ஃப்ரிஸ் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். வெல்ஷ் பேசத் தெரிந்தவர், ஆனால் எழுதுவது இங்கிலீஷில். நாம் ஒன்று சொல்ல, அது அவர் பேனாவுக்குள் போய் நமக்குப் புரியாத ஒன்றாக வெளியே வரும். கையெழுத்துப் போடத் தெரியாத நாம் அதன் கீழே பெருக்கல் குறி போட வேண்டும்.

சட்டப்படி ஜூரி பிணத்தைப் பார்க்க வேண்டும். போனார்கள். மெய்ரிக்கின் பெண்டாட்டி லவ்ரி உடலைக் கழுவித் துடைத்து, ஊர் வழக்கப்படி மார்பின்மேல் உப்புத் தட்டு வைத்து, தலையில் துணி சுற்றியிருந்தாள். ரோலண்ட் துணியை அவிழ்க்கச் சொன்னார். அவள் அவிழ்த்தாள். காதுக்கு மேலே, சிரைத்த இடத்தில், பிறை மாதிரி ஒரு வெட்டு. பிறையின் இரு முனையையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு.

பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கெத்தின் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"கழுவுனது யாரு? ஏன் கழுவுனே?" என்று கரோனர் கேட்டார்.

"என் புருஷன் துரை. ரத்தத்தோட எப்படிப் போட்டு வைப்பேன்?" என்றாள் லவ்ரி. அப்புறம், யாரும் கேட்காமலே, "இது லாடம் துரை. எங்க வேணா சத்தியம் பண்றேன். குறுக்குப் பட்டை தெரியுது பாருங்க. பிரெனினோட லாடம்," என்றாள்.

கொட்டகை வாசலில் நின்ற ஷோனெட் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். லவ்ரி அவளுக்காகப் பேசுவாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஊர் வாயில் ஷோனெட் மெய்ரிக்கின் கள்ளக்காதலி. லவ்ரி குடியிருப்பதோ குதிரைக்காரனுக்கென்று பியூ கொடுத்த வீடு. மூன்று பிள்ளைகள். பேசாமல் இருந்திருந்தால் அறுப்பு முடியும்வரையாவது அதில் இருந்திருக்கலாம்.

பியூ கோபப்படவே இல்லை. இரக்கத்தோடு பேசினார், அதுதான் அசிங்கம்.

"புருஷனப் பறிகொடுத்தவ துரை, ஏதோ சொல்றா. குதிரைக்குப் பின்னங்கால்ல லாடமே இல்லையே. பொலி காலம் வந்தா கழட்டிருவோம், பெண்குதிரைய உதைச்சு முறிச்சுரக் கூடாதுன்னு. கொல்லனையே கேளுங்க, இங்கதான் நிக்கிறான்."

கரோனர் திரும்பினார். "எப்பப்பா கழட்டினே?"

கெத்தின் தன் பட்டறைக்கு வரும் வேலையை எண்ணிப் பார்த்தான். பியூவின் பண்ணையில் பதினான்கு குதிரை, நாலு ஏர், எட்டு வண்டி.

"ஏப்ரல்லயே, துரை."

"பொய்யி!" என்றாள் லவ்ரி.

"அம்மா, வெளிய போ," என்றார் கரோனர்.

கடைக்குள் திரும்பினார்கள். செத்தவனை முதலில் கண்டவள் என்று ஷோனெட்டைக் கூப்பிட்டுப் பைபிளைக் கையில் கொடுத்தார்கள். அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். பெண்குதிரை, மோப்பம், கால், சத்தம். சொல்லச் சொல்ல ஜூரியின் முகங்கள் பலகை மாதிரி ஆவதைப் பார்த்தாள். பால்வீட்டுச் சமாசாரத்தைக் கேட்டார்கள். மத்தால் அடித்தாயா? அடித்தேன். பல் போனதா? போனது. கையில் தடி இருந்ததா? இருந்தது.

"அடிக்கற கைதான்," என்று ஒருத்தன் தாடிக்குள் சொன்னான்.

"கைய உள்ள விட்டா அடிக்காம முத்தமா குடுப்பாங்க?" என்றாள் ஷோனெட்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ரோலண்ட் சிரிக்கவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அழுதிருக்க வேண்டும். அழுகிற பெண்ணைக் கொஞ்சம் யோசித்துத்தான் தூக்கில் போடுவார்கள்.

கரோனர் சாப்பிடப் போனார். ஜூரிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பீரும் வந்தது. ஷோனெட்டைப் பின்முற்றத்தில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்க வைத்தார்கள். காவல் கான்ஸ்டபிள், பியூவின் மச்சான், சுவரில் சாய்ந்து பாலாடைக்கட்டியைக் கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தான்.

"டோல்கெல்லி சிறையில எலி பூனை சைஸ்ல இருக்குமாம்," என்றான் அவன். "ஆகஸ்டுல பெரிய கோர்ட்டு. மூணு மாசம்தான், பொறுத்துக்கோ."

"அதுக்கப்புறம்?"

அவன் கட்டியில் இன்னொரு துண்டு சீவினான்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது.

"அது பட்டை லாடம்தான்யா, எல்லாருக்கும் தெரியுது."

"தெரிஞ்சு? குதிரைய ஜமீனுக்கு ஓட்டிவிட்டுட்டு அடுத்த வருஷம் குட்டிக்கு எங்க போவே?"

"அதுக்காக ஒரு பொண்ணத் தூக்குல..."

"நீயா போடறே? நாம எழுதித்தான் குடுக்கறோம். பெரிய கோர்ட்டுல விட்டாலும் விடுவாங்க."

"விடுவாங்களா?"

பீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

கெத்தின் முகம் கழுவத் தொட்டிக்கு வந்தான். அவளைப் பார்த்ததும் திரும்பப் போனான்.

"ஓடாத," என்றாள் ஷோனெட், கான்ஸ்டபிளுக்குக் கேட்காத குரலில். "நீ பையில போட்டுட்டுப் போனியே, அந்த லாடம். அதக் கொண்டுபோய் மேசைல வை. உனக்கும் ஒரு பொண்ணு இருக்கில்ல?"

"இருக்கா. அவளுக்குச் சோறு போடணுமில்ல?" முகத்தில் தண்ணீர் வழிய நின்றான். "உன்மேல யாருக்கும் பகை இல்லடி. சத்தியமா இல்ல. குதிரை போகக் கூடாது, அவ்வளவுதான் அவங்களுக்கு. அந்த முற்றத்துல இருந்தது குதிரையும் நீயும். குதிரை இல்லேன்னா நீ. வேற யாரு இருந்தா அங்க?"

அவன் போய்விட்டான். ஷோனெட் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்மேல் யாருக்கும் பகை இல்லையாம். பகைத்துக் கொன்றால்கூடப் பரவாயில்லை. இவர்கள் குட்டிக்குதிரைக்காகக் கொல்லப் போகிறார்கள், அதுவும் ரொட்டி தின்றுகொண்டே.

குதிரையும் நீயும். வேற யாரு இருந்தா அங்க?

மெய்ரிக் இருந்தான். கவிழ்ந்த வாளி இருந்தது. பால் இருந்தது. பால் எதைச் சுற்றி ஓடியது?

அவள் நிமிர்ந்தாள். கொட்டகை ஓரத்தில் லவ்ரி கைக்குழந்தையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேரிஷில் அவளுக்காக வாய் திறந்த ஒரே ஆள். குதிரை என்று தீர்ப்பு வந்தால் இருபது பவுன் பணம் போய்ச் சேர வேண்டியதும் அந்தக் கைக்குத்தான். ஷோனெட் இப்போது செய்யப் போவது, லவ்ரி சொன்ன ஒரே உண்மையை லவ்ரியின் முகத்திலேயே பொய்யாக்கும்.

தன் கழுத்தை ஒரு கையால் தொட்டுப் பார்த்தாள். கரோனர் திரும்பி வந்ததும், கான்ஸ்டபிளைத் தாண்டி உள்ளே போனாள்.

"துரை, நான் முன்ன சொன்னது சரியில்ல. பயத்துல சொல்லிட்டேன். திரும்பச் சொல்றேன்."

கரோனர் வாயைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். பியூ சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"குதிரை வெளிய வரவே இல்ல. லாயத்துலதான் இருந்துச்சு," என்றாள். "என் கால் தடுக்கி வாளி கவிழ்ந்துருச்சு. படிக்கல்லு மேலயெல்லாம் பாலு. மெய்ரிக் அந்தக் கல்லுமேல ஏறி நின்னான், என்னப் பாத்துச் சிரிக்கறதுக்கு. வழுக்கிப் பின்பக்கமா விழுந்தான். கல்லு விளிம்பு மண்டையில பட்டுச்சு. முன்னாடி இதச் சொல்லல, ஏன்னா பாலக் கொட்டினது நான்."

சாராயக் கடையில் பன்னிரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. ரோலண்டின் கன்னத்தில் ரத்தமே திரும்பி வந்தது. அவர்கள் நல்லவர்களாக இருக்கவே ஆசைப்பட்டார்கள். செலவில்லாமல் நல்லவர்களாக இருக்க அவள் வழி காட்டிவிட்டாள்.

"படிக்கல்லா?" என்றார் பியூ மெதுவாக. அவர் கண் அவளை அளந்தது. "ஆமா துரை. ஈரமாத்தான் இருந்துச்சு. நான் வந்தப்போ இவ தடியோட நின்னத மட்டும்தான் பாத்தேன், அடிச்சதப் பாத்தேன்னு நான் எங்கயும் சொல்லல."

கரோனர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முட்டாளில்லை அவர். "அந்தக் கல்லோட விளிம்பு பிறை மாதிரி வளைஞ்சிருக்குமா?" என்று ஷோனெட்டைக் கேட்டார்.

"இருக்கும் துரை."

"குறுக்கே ஒரு கோடு?"

"வெடிப்பு இருக்கு துரை."

"பைபிள் இன்னும் உன் கையிலதான் இருக்கு."

"தெரியும் துரை."

வாசலில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. அவள் திரும்பவில்லை. யாரென்று தெரியும்.

கரோனர் எழுதினார். பொழுது சாய்வதற்குள் அவர் பன்னிரண்டு மைல் போக வேண்டும். ஜூரி தனியறைக்குக்கூடப் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தலையை ஆட்டினார்கள். தற்செயல் மரணம். காரணமான பொருள், பிரினெய்தின் பண்ணை முற்றத்துப் படிக்கல் ஒன்று. மதிப்பு?

"ஒரு ஷில்லிங்?" என்றான் ஒருத்தன்.

"கல்லுக்கா? நாலு பென்னி போடுங்க துரை," என்றார் ரோலண்ட்.

நான்கு பென்னி என்று எழுதி, இங்கிலீஷில் ஒரு தடவை வாசித்தார். ஷோனெட் பெருக்கல் குறி போட்டாள். மை கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்தபோது லவ்ரி போகாமல் நின்றாள்.

"லவ்ரியக்கா..."

"அக்கான்னு கூப்பிடாத."

"என்னத் தூக்குல போட்டிருப்பாங்க. ஜன்னல்ல கேட்டேன். நீங்க சொன்னத ஒருத்தனும் காதுல வாங்கல."

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா?" லவ்ரி குழந்தையைத் தோள் மாற்றினாள். "நான் உன் நிலைமையில இருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். கல்லு என்ன, வானத்துல போற காக்கான்னுகூடச் சொல்லியிருப்பேன். அதுக்காக நீ செஞ்சது எனக்கு வலிக்காம போயிருமா? என் புருஷன் அயோக்கியன். ஆனா வழுக்கி விழற அளவுக்கு மடையன் இல்ல. குதிரைக்காரன்டி அவன். அவன் சாவையாவது அவனுக்கு விட்டிருக்கலாம்."

ஷோனெட் அவளை நோக்கி ஓரடி வைத்தாள்.

"என்கிட்ட வராத. திட்ட மாட்டேன். ஆனா வராத."

அடுத்த வாரம் ஜமீன் காரியஸ்தர் வழியாக நான்கு பென்னி லவ்ரிக்குப் போய்ச் சேர்ந்தது, வழக்கப்படி. அதற்கடுத்த வாரம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், அதுவும் வழக்கப்படிதான். புதுக் குதிரைக்காரனுக்கு வீடு வேண்டுமே. மூன்று பிள்ளைகளும் ஒரு மூட்டையும் ஒரு கோழிக்கூடையுமாக அவள் மலைக்கு அந்தப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனதை ஷோனெட் மேட்டிலிருந்து பார்த்தாள். கூட ஓடிப் போய் மூட்டையைத் தூக்கியிருக்கலாம். வராதே என்று சொல்லியிருந்தாள்.

பியூ ஷோனெட்டை வேலையை விட்டு அனுப்பவில்லை. வெளியே போனால் வாய் திறப்பாளோ என்ற பயம். சம்பளத்தைக்கூட ஐந்து ஷில்லிங் கூட்டினார். அவளும் போகவில்லை. வருஷக் கூலி நவம்பரில்தான், நடுவில் போனால் ஒன்றும் கிடையாது. தினமும் இரண்டு வேளை வாளிகளோடு அந்தக் கல்லைத் தாண்டிப் போனாள். கல்லைச் சுமந்துபோக ஜமீனில் யாருக்கும் மனமில்லாததால் பியூவிடமே நான்கு பென்னியை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள், கல் அங்கேயே கிடந்தது. பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டு ஓடுகிற விளையாட்டு ஒன்று கண்டுபிடித்திருந்தார்கள்.

ஜூன் மாதம் டோல்கெல்லிச் சந்தை. பிரெனினைச் சிங்காரித்தார்கள். பிடரியில் சிவப்பு நாடா, வாலில் பின்னல். பாறை வழியில் இருபது மைல் நடக்க வேண்டியிருந்ததால் முந்தின நாளே கெத்தின் வந்து லாடம் அடித்துவிட்டுப் போயிருந்தான், நான்கு காலுக்கும். பொலி காலம் முடிந்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

புதுக் குதிரைக்காரன் பெதோ, முப்பது வயது, புதுசாகக் கல்யாணமானவன், எந்நேரமும் சீழ்க்கை அடிப்பவன். குதிரையை முற்றத்தில் நிறுத்தி, பின்னங்காலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். ஷோனெட் வாளிகளோடு வந்தவள் நின்றாள். குதிரை நுனியை மட்டும் ஊன்றித் தளர்த்தியிருந்த இடது பின்குளம்பின் அடியில் குறுக்குப் பட்டை வெயிலில் பளிச்சென்றது.

"பெதோ, அது பின்னாடி நிக்காத."

"ஏன்?"

அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பியூ கோட்டுப் பொத்தானைப் போட்டபடி உள்ளே நின்றார்.

"சும்மாதான் சொன்னேன்."

பெதோ சிரித்தான். "குதிரைய எனக்கே கத்துக் குடுக்கறியா? இங்க ஆளக் கொல்றது குதிரையில்லம்மா, கல்லு. நீதான பைபிளத் தொட்டுச் சொன்னே?" படிக்கல்லைப் பூட்ஸால் ஒரு உதை விட்டான். "ஏய் கொலைகாரா, சும்மா இரு." அப்புறம் பிரெனினின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, சீழ்க்கை அடித்தபடி சுரண்ட ஆரம்பித்தான்.

சந்தை நாள். பாதையில் குளம்புச் சத்தம் கேட்டது. யாரோ இரண்டு மூன்று குதிரைகளை ஓட்டிக்கொண்டு வேலிப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தார்கள். பிரெனினின் காது நிமிர்ந்தது.

ஷோனெட் தோள்தடியை இறக்கி வாளிகளைத் தரையில் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலிவாசலுக்கு ஓடினாள். பாதையின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அந்தப் பக்கம் போங்க!" என்று கத்தினாள். "இந்த வழி வேண்டாம். பெண்குதிரைய ஓட்டிட்டு இந்த வழி வராதீங்க!"

"ஏம்மா, வழி என்ன ஆச்சு?" என்று முன்னால் வந்தவன் கேட்டான்.

அவள் கையை மடக்காமல் நின்றாள்.